ரேடியோ அக்காவின் ஒலி சிகிச்சை

அழகு நிலையத்தில் தலை அலசிவிடுகிறவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் கிடையாது. ரேடியோ அக்கா என்றால் தெரு முழுக்கத் தெரியும். அணைக்கிற பொத்தான் வைக்காத ரேடியோ.

பேச்சு அவளுக்குத் தாய்வழிச் சொத்து. பெரியம்மா தூக்கத்தில்கூட மறுபேச்சுப் பேசுவாள். சித்தி போனைக் காதில் இடுக்கினால் ஒரு வேளைச் சமையலே முடிந்துவிடும். தாய்மாமன் மட்டும் பரம சாது என்பார்கள். சாதுவுமில்லை, சந்நியாசியுமில்லை; அந்த வீட்டில் அவருக்குப் பேச முறை வந்ததே இல்லை, அவ்வளவுதான். அவளுடைய அண்ணன் அப்பாவைக் கொண்டு பிறந்தவர். பஸ் ஓட்டுகிறார், ஹாரனைக்கூட அளந்துதான் அடிப்பார்.

ரேடியோ அக்காவின் கை தங்கக் கை. அவள் விரல் தலையில் பட்டால் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் கண்ணை மூடிவிடும். மூடிய கண்ணை அவள் வாய் திறக்க வைத்துவிடும், அது வேறு கதை.

நிலையத்தின் மாடியில் பின்னறை காலியானபோது முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டாள். "ஒலி சிகிச்சை செய்றீங்களான்னு வர்றவங்க எல்லாம் கேக்குறாங்க. நீ போய்க் கத்துக்கிட்டு வாயேன். கை வேலைதானே?"

போனாள். சொல்லிக்கொடுத்தது நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "இது வியாதியைப் போக்குற மருந்து இல்ல. மாத்திரை சாப்பிடுறவங்களை நிறுத்துன்னு சொல்லிடாதே. வலிப்பு இருக்கா, நெஞ்சுல கருவி வச்சிருக்கா, கர்ப்பமான்னு முதல்ல கேளு. ஆமான்னா, டாக்டரைக் கேட்டுட்டு வரச் சொல்லு."

பிறகு ஒரு வெண்கலக் கிண்ணத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, பஞ்சு சுற்றிய கட்டையால் மெல்லத் தட்டினார். கையிலிருந்து முழங்கை வரைக்கும் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது.

"அதிருது பாத்தியா? காது வழியாவும் போகுது, தோல் வழியாவும் போகுது. ஒரே சத்தம் இப்படி நீளமா இழுத்தா, அலையுற மனசு அதைப் பிடிச்சுக்கிட்டு அது பின்னாடியே போகும். சத்தம் தேயத் தேய மூச்சு நிதானமாகும். மூச்சு நிதானமானா நெஞ்சுப் படபடப்பும் தோள்பட்டை இறுக்கமும் தன்னால இறங்கும். இதுதான் சூட்சுமம், மந்திரமெல்லாம் கிடையாது. ஆனா சத்தம் நின்ன பிறகு வர்ற மௌனம் இருக்கே, பாதி வேலை அதுலதான் நடக்குது. அதைக் கெடுத்துடாதே."

எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டாள், அந்தக் கடைசி வாக்கியத்தைத் தவிர. தலை அலசுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. "தண்ணி சூடு போதுமா? அழுத்தம் சரியா இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். கேட்காவிட்டால்தான் குற்றம். அந்தப் பழக்கத்தில், கிண்ணத்தைத் தட்டிவிட்டு, படுத்திருப்பவர் மூச்சு இறங்கிச் சொக்கப் போகிற நேரமாகப் பார்த்துக் குனிந்து கேட்பாள்: "சத்தம் போதுமாங்க? இன்னும் கொஞ்சம் தட்டவா?"

செருப்புக்கடைக்காரி திடுக்கிட்டு எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா தாயே! தூங்க வச்சு எழுப்புறதுக்கா என்னைக் கூப்பிட்டே?"

இந்த நேரத்தில்தான் அண்ணன் போன் செய்தார்.

"உங்க அண்ணி தூங்கி ரொம்ப நாளாச்சு. டாக்டர் உடம்புல ஒண்ணுமில்லைங்கிறாரு. உன்கிட்டக் கூட்டிட்டு வரட்டுமா?"

ரேடியோ அக்கா போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். அண்ணி அவளோடு பேசி வருஷங்கள் ஆகின்றன. காரணம் ஒரு சவுரி முடி. குடும்பமே சேர்ந்து போட்டோவுக்கு நின்றபோது, இவள் உதவி செய்கிற நினைப்பில், "அண்ணி, சவுரி நழுவுது, பிடிங்க!" என்று கத்திவிட்டாள். அண்ணிக்கு முடி கொட்டியது அதுவரை அண்ணனுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. போட்டோவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், அண்ணி தரையைப் பார்க்கிறாள். தவளை தன் வாயால் கெட்டது. கெட்டது எது தெரியுமா? தாயில்லாத வீட்டுக்கு வந்து, இவளுக்குத் தலை வாரி வளர்த்த அண்ணியின் உறவு. அது திரும்புமா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம்.

"ஒரு நிபந்தனை," என்றார் அண்ணன். "அவகிட்ட நீ ஒரு வார்த்தை பேசினாலும் எழுந்து போயிடுவாளாம். அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டாளாம்."

சொன்ன நாளில் வந்தார்கள். அறை வாசலில் அண்ணன் நடுவில் நின்றார்.

"அண்ணே, வலிப்பு கிலிப்பு உண்டான்னு கேளு."

"இல்லைன்னு சொல்லுங்க," என்றாள் அண்ணி, சுவரைப் பார்த்து.

"நெஞ்சுல கருவி?"

"நெஞ்சுல கல்லுதான் இருக்கு, அது இவ வச்ச கல்லுன்னு சொல்லுங்க."

அண்ணன் இரண்டையும் சொல்லாமல் கீழே தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அண்ணி விரிப்பில் படுத்தாள். ரேடியோ அக்கா தன் வாயை நம்பவில்லை. செம்பிலிருந்து ஒரு வாய்த் தண்ணீரை எடுத்துக் கன்னம் புடைக்க அடக்கிக்கொண்டாள். பிறகு பெரிய கிண்ணத்தைக் கால்மாட்டில் வைத்துத் தட்டினாள். சத்தம் எழுந்து, சுற்றி, தேய்ந்தது. அது முழுக்க அடங்கிய பிறகே அடுத்த தட்டு. அண்ணியின் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தோன்றியது, "வலிக்குதா அண்ணி? குளிருதா?" தண்ணீர் தொண்டைவரை வந்தது, விழுங்கவில்லை. கிண்ணம் இடுப்பருகே வந்தபோது அண்ணியின் மூடிய விரல்கள் பிரிந்தன. தலைமாட்டுக்கு வந்தபோது தாடை தளர்ந்தது. கடைசிச் சத்தம் போய், ஒன்றுமே இல்லாத நேரம் வந்தது. அந்த ஒன்றுமில்லாததுக்குள்ளிருந்து ஒரு குறட்டை கிளம்பியது.

அடுத்து வந்த பெண்ணைக் கையைக் கூப்பி, ஜாடை காட்டித் திருப்பி அனுப்பினாள். அண்ணி விழித்தபோது ஜன்னல் வெயில் எதிர்ச் சுவருக்கு ஏறியிருந்தது. நாத்தனார் மூலையில் கன்னம் உப்பி, கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள்.

"என்னடி மூஞ்சி இது, வீங்கிப் போய்? பல்வலியா?"

மடக்கென்று விழுங்கினாள். "இல்லண்ணி. தண்ணி."

அண்ணிக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் சிரிக்க வாய் திறந்தாள், வந்ததோ திட்டு. "இந்தப் புத்தி அன்னைக்கு எங்கடி போச்சு? என் தம்பி பொண்டாட்டி முன்னாடி, போட்டோக்காரன் முன்னாடி... கிட்ட வந்து காதுல சொல்லியிருந்தா உன் வாய்ல இருக்குற முத்தா கொட்டிடும்? உனக்குப் பேன் பாத்த கைடி இது!" அடக்கி வைத்திருந்ததெல்லாம் மடை திறந்த மாதிரி வந்தது. ரேடியோ அக்கா குறுக்கே ஒரு சொல் விடவில்லை. திட்டு ஓய்ந்து அமைதி வந்த பிறகும் பொறுத்து, "தப்புதான் அண்ணி," என்றாள்.

சத்தம் கேட்டு அண்ணன் படியில் ஓடிவந்து கதவைத் திறந்தார். "என்ன? என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றாள் அண்ணி. "பேசிட்டிருக்கோம். நீங்க இன்னொரு டீ குடிச்சிட்டு வாங்க."