மாடிவீட்டு அட்வான்ஸ்

திருப்பதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடிவீட்டை ஆறு மாதத்திலேயே காலிசெய்ய வேண்டிவந்தது. அம்மாவுக்கு ஜுரம், அதனால்தான் ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்று மட்டும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சித்தூரில் பெரியம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே நைனா ஒரு கீழ்வீடு பார்த்துவிட்டார்.

வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபமே வராது. அதுதான் சங்கடம். "பதினோரு மாசம்னுதானே அக்ரிமென்ட், பாபு? நடுவுல போனா அட்வான்சுல ரெண்டு மாச வாடக புடிச்சுக்குவேன். பெயின்ட்டுக்குத் தனி" என்றார் சிரித்துக்கொண்டே. நைனா கெஞ்சியதில் கடைசியாக ஒரு வழிக்கு வந்தார். நாங்களே வேறு ஆளைக் குடிவைத்தால் பெயின்ட்டுக் காசு மட்டும் போதும்.

அன்றிலிருந்து அம்மா வீடு காட்டத் தொடங்கினாள். வந்த நாளிலிருந்து திட்டித் தீர்த்த வீட்டையே வாயாரப் புகழ்ந்தாள். காற்றாம், வெளிச்சமாம், ஜன்னலைத் திறந்தால் மலையாம். வந்தவர்கள் குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று தெலுங்கில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார்கள். அம்மா அப்படியே சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

ஒரு சாயங்காலம் லாட்ஜில் வேலை பார்க்கும் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அக்காவுக்கு வயிறு தெரிந்தது. குழாயில் தண்ணீர் காலையில் வரும் என்று நைனா முந்திக்கொண்டார். அவர்களுக்கு வீடு பிடித்துப்போய், அவர் முன்பணம் கொடுக்கச் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

"வோணாம்மா" என்றாள் அம்மா, அந்த அக்காவிடம். "காலையிலயும் வராது. கீழேருந்து கொடத்துல தூக்கினு படி ஏறணும். நானும் அப்படித்தான் தூக்கினு இருந்தேன்."

அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்தாள். "எத்தினி மாசம்க்கா?"

"அஞ்சு."

அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நைனா அம்மாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்களைத் தெருமுனைவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். அதற்குப்பின் யாரும் கிடைக்கவில்லை. சொன்னபடியே எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்த வீட்டுக்கார அம்மா, உடம்பைப் பார்த்துக்கொள் என்று அம்மாவுக்கு நல்லவார்த்தையும் சொல்லி அனுப்பினார்.

சாமான் ஏற்றிய வண்டி சந்திரகிரியைத் தாண்டியபோது, அதுவரை உறுத்திக்கொண்டிருந்த தப்பை அம்மாவிடம் சொன்னேன்.

"அஞ்சு இல்லம்மா. நாம ஆறு மாசம் இருந்தோம். நீ ஆறு மாசம் தண்ணி தூக்கினே."

நைனா சட்டென்று வெளியே திரும்பிக்கொண்டார்.

"ஆமா, ஆறுதான்" என்றாள் அம்மா.

கணக்கில் அம்மாவைத் திருத்திவிட்ட பெருமையில், சித்தூர் வரைக்கும் நான் சந்தோஷமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு போனேன்.