ஹெல்வேயும் மூன்று கடிகாரங்களும்

பனியில் ஓடும் ஸ்கேட்டின் இரும்புத் தகட்டைத் தீட்டி முடித்ததும் ஹெல்வே வாரிக் இடது கட்டைவிரல் நகத்தை அதன் விளிம்பில் குறுக்காக ஒருமுறை இழுப்பாள். நகத்திலிருந்து மாவு போல வெள்ளையாக உதிர்ந்தால் கூர் சரி. உதிராவிட்டால் மறுபடியும் எண்ணெய்க் கல். அந்த ஒரு நகம் மட்டும் குளிர்காலம் முழுக்கத் தேய்ந்து தாளாக இருக்கும். ஏப்ரலில்தான் வளரும்.

டார்ட்டுவில், ஹெர்னே தெரு மரவீட்டில், எங்கள் இரு குடித்தனங்களுக்கும் ஒரே சமையலறை. மேசையின் ஒரு முனையில் என் முட்டைக்கோஸ் சூப்பும் கவிதைப் புத்தகமும். மறுமுனையில் மரச்சட்டத்தில் தலைகீழாக இறுக்கிய அவளுடைய ஸ்கேட்கள். பனிச்சறுக்கு வேக ஓட்டத்தில் ஆறு முறை எஸ்தோனியாவின் சாம்பியனான அவள் ரொட்டித் தொழிற்சாலையில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஆறு பதக்கங்களும் கரண்டிகளோடு கிடந்தன.

ஏழாவது பதக்கத்தில் அவளுக்கு ஆசையில்லை. நாட்டின் மறுகோடியில், அல்மா-ஆட்டாவில் மலைமேல் இருக்கும் பனித்தளத்தில் ஒருமுறை ஓட வேண்டும், அவ்வளவுதான். காற்று மெலிந்த அந்த உயரத்தில் காலே தனக்குச் சொந்தமில்லாத மாதிரி பறக்குமாம். ஆண்டுக்கு ஒரே ஒரு பெண்ணைத்தான் இங்கிருந்து அனுப்புவார்கள். அது இதுவரை அவளாக இருந்ததில்லை. 1986இல் விளையாட்டுக் குழு நிபந்தனையைச் சுவரில் ஒட்டியது: மூவாயிரம் மீட்டரை நான்கு நிமிடம் ஐம்பது நொடிக்குள் முடிப்பவருக்கே இடம். ஹெல்வேக்கு முப்பத்தொரு வயது.

பிப்ரவரி பதினாறு, ஞாயிறு, தேர்வு ஓட்டம். மைனஸ் பதினெட்டு. நேரம் குறிப்பவர் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட, ஹெல்வேயே என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஓர் ஓட்டத்துக்கு மூன்று பேர் கையில் மூன்று நிறுத்துக் கடிகாரங்கள். அவற்றில் நடுவாக வரும் நேரம்தான் கணக்கு. நேரம் குறிப்பவர்களில் மூத்தவரான எல்மார், குளிரில் முள் சோம்பிவிடும் என்று கடிகாரத்தை அக்குளில் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"கவிதை படிக்கிறவனாமே நீ. எத்தனை நொடின்னு கேட்டா வசந்தம் வருதுன்னு சொல்லிடாத," என்றார். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, "முடிவுக் கோட்டைப் பாரு. ஆளைப் பாக்காத. ஆளைப் பாத்தா கை பிந்தும்."

கடைசிச் சுற்று வரை கோட்டைத்தான் பார்த்தேன். கடைசி வளைவிலிருந்து அவள் வெளியே வந்தபோது, எப்போதும் முதுகில் மடிந்திருக்கும் இடது கை அவிழ்ந்து தொங்கியது. உதடுகள் நீலமாக எதையோ எண்ணிக்கொண்டிருந்தன. அந்த உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அழுத்தியபோது ஸ்கேட்டின் முனை கோட்டைத் தாண்டியிருந்தது.

எல்மாருடையது நாற்பத்தொன்பது புள்ளி ஒன்பது. மூன்றாமவருடையது ஐம்பது புள்ளி இரண்டு. என்னுடையது ஐம்பது புள்ளி ஒன்று. நடுவில் நின்றது என்னுடையது.

எல்மார் என் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஐம்பது புள்ளி ஒன்று என்று எழுதினார்.

மாலையில் சமையலறையில் ஸ்கேட்டைத் துடைத்தபடி கேட்டாள்.

"ரைவோ, கோட்டைத்தானே பாத்த?"

"கோட்டைத்தாங்க."

"அப்ப சரி. நான்தான் பிந்திட்டேன்."

கறுப்பு ரொட்டியை வெட்டி ஒரு துண்டை என் பக்கம் தள்ளினாள். அதை நான் தின்றேன்.

அந்தப் பத்தில் ஒரு நொடியை அவள் இரண்டு குளிர்காலம் தேடினாள். புறப்பாட்டில் இருக்கலாம் என்பாள். அடுத்த வாரம், ஐந்தாம் சுற்றில் தடம் மாறும் இடத்தில் என்பாள். ஷிப்ட் முடிந்ததும் தனியாகத் தளத்துக்குப் போவாள், பனி உறைய யாரும் நீர் விடாத நாளில் வாளியில் தானே சுமந்து ஊற்றுவாள். இடுப்பு தேய்ந்துவிட்டது, நிறுத்து என்றாராம் டாக்டர். "முழு நொடி கூட இல்ல டாக்டர், பத்துல ஒண்ணுதான்" என்று பதில் சொன்னதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். எண்பத்தெட்டு ஜனவரியில் வளைவில் விழுந்தாள். அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஒரு கால் குட்டை. தொழிற்சாலையில் உட்கார்ந்து சீட்டு ஒட்டும் வேலைக்கு மாற்றினார்கள். நகம் மற்ற நகங்களைப் போலத் தடித்துவிட்டது. மேசையில் உண்மையைச் சொல்ல எத்தனையோ தடவை வாயைத் திறந்தேன். ஒவ்வொரு தடவையும் பக்கத்தைத்தான் புரட்டினேன்.

பழைய ஆட்சி விழுந்த தொண்ணூற்றொன்றின் இலையுதிர்காலத்தில் விளையாட்டுக் குழுவின் அலுவலகத்தைக் காலி செய்தார்கள். தாள்களைக் கட்டி எடுத்துவர நான் வேலை பார்க்கும் நூலகம் என்னை அனுப்பியது. எண்பத்தாறாம் ஆண்டுக் கோப்பில் அல்மா-ஆட்டாவுக்குப் போகிறவர்களின் பட்டியல் இருந்தது, கையெழுத்தும் முத்திரையுமாக. பெண் பெயர் ஒன்றே ஒன்று. பதினெட்டு வயதுக்காரி ஒருத்தியுடையது. மேலே தட்டச்சு செய்திருந்த தேதி பிப்ரவரி பத்து, திங்கள். ஹெல்வே ஓடியது அதற்கு ஆறு நாள் கழித்து.