பாரிஸில் ஒதுங்க ஓர் இடம்

காரைக்காலில் யார் கேட்டாலும், பாரிஸ் நன்றாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறேன். கோட்டுச்சேரி நாத்தனார் வந்து துருவித் துருவிக் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னேன். அது பொய்யில்லை. ஊர் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அன்றைக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

வெளியூர் கிளம்பும் நாளில் நான் தண்ணீர் குடிக்கமாட்டேன். கல்யாணம் ஆகி நெரவிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். தஞ்சாவூர் போனாலும் சிதம்பரம் போனாலும் காலையில் அரை டம்ளர் காப்பியோடு சரி. ஒதுங்க இடம் எங்கே என்று முன்பின் தெரியாத ஆளிடம் போய்க் கேட்பதா? எந்த ஊரிலும் நான் கேட்டதில்லை. எங்கள் வீட்டுக்காரரிடம்கூட, வருகிறது என்று வாய்திறந்து சொன்னதில்லை. பாரிஸிலும் அதே வழக்கத்தை நம்பித்தான் கிளம்பினேன். அறுபத்தெட்டு வயது உடம்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை.

மகன் அங்கே வேலையில் இருக்கிறான். என் மாமனார் பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் உத்தியோகம் பார்த்து, அந்த நாட்டுக் குடியுரிமையை வைத்துக்கொண்டவர். அது இவருக்கும் வந்தது, மகனுக்கும் வந்தது. தனக்கு பிரெஞ்சு தெரியும் என்று இவர் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ இரண்டுக்கும் நடுவில் இவரிடம் ஒன்றும் கிடையாது என்று.

எங்கள் கல்யாண நாளுக்காக மகன் ஒரு நாள் முழுக்கச் சுற்றிப்பார்க்க ஏற்பாடு செய்திருந்தான். எந்த நேரத்துக்கு எங்கே இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தாக எழுதிக் கொடுத்தான். நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள், “எல்லாம் நேரப்படி புக் பண்ணியிருக்கும்மா. ஒண்ணு லேட்டானா அடுத்தது போயிடும்” என்று சொல்லிவிட்டு, அவனும் மருமகளும் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

முதலில் அந்த இரும்பு டவர். “பாருடி, ஊரே காலடியில கெடக்குது” என்றார் இவர். குளிர்காற்று அடித்ததும் எனக்கு அடிவயிறு கனக்க ஆரம்பித்தது. அடுத்தது படங்கள் மாட்டிய அரண்மனை. நான் படங்களைப் பார்க்கவில்லை, கதவுகளைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஒரு கதவில் பாவாடை கட்டிய பொம்மை இருந்தது. அதற்கு முன்னால் இருபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன்.

“இங்க எதுக்கு நிக்கிற? பஸ்ஸு போயிடும், வா” என்று இவர் கையைப் பிடித்தார்.

நிற்க வேண்டும் என்றால் எதற்கு என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் கூடவே போய்விட்டேன்.

பஸ் மேற்கூரை இல்லாமல் திறந்து கிடந்தது. கல் பாவிய தெருவில் அது குதித்த ஒவ்வொரு குதிக்கும் பல்லைக் கடித்துக்கொண்டேன். இவர் பிரெஞ்சில் ஊர்க்கதை சொல்லும் ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு, எல்லாம் புரிந்த மாதிரித் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம், படகில் சாப்பிடப் போகிற வழியில், ஆற்றங்கரைத் தெருவில் சாம்பல் நிறத்தில், கதவில் அதே பாவாடைப் பொம்மையோடு ஒரு கூண்டு தெரிந்தது. கதவு தானாகத் திறந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு, உள்ளே போ என்று கைகாட்டினாள். இவரிடம் ஒன்றும் சொல்லாமல் நுழைந்துவிட்டேன்.

ஒருவர் வெளியே வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கூண்டு தன்னைத்தானே கழுவிக்கொள்ளுமாம். கழுவி முடித்த பிறகுதான் அடுத்த ஆள் போக வேண்டுமாம். இதெல்லாம் மகன் பிறகு சொன்னது. கதவு மூடியது, விளக்கு மங்கியது, சுவரடியிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்தது. உடம்பில் என் அரக்குப் பட்டு.

“என்னங்க! கதவு திறக்கலீங்க!”

“உள்ள ஏன்டி போன? பொத்தான அமுக்கு!”

“எந்தப் பொத்தான்?”

“பச்ச!”

“எல்லாமே பச்சையா இருக்குங்க!”

தெருவில் போகிறவர்களைப் பார்த்து, “போன்ஜூர்! போன்ஜூர்! மெர்சி!” என்று அவர் கத்துவது கேட்டது. தண்ணீர் நின்றதும் கதவு தானாகத் திறந்தது. வெளியே ஆறேழு பேர் நின்று பார்த்தார்கள். முழங்கால் வரை சொட்டச் சொட்ட நான் இறங்கினேன். போன காரியம் நடக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் மறுபடி உள்ளே போக மனம் வரவில்லை.

“ஆச்சா?” என்றார்.

“ஆச்சு” என்றேன்.

படகில் கண்ணாடி ஓரமாக எனக்கு இடம். வெளியே வருவதென்றால் இவர் எழுந்தால்தான் உண்டு. கரை விலகியதும், இனி இரண்டு மணி நேரத்துக்கு இறங்க முடியாது என்று இவரே சந்தோஷமாகச் சொன்னார். பரிமாறும் பெண் கூஜாவிலிருந்து தண்ணீரை உயர்த்தி ஊற்றினாள். அந்தச் சத்தம் கேட்காமலிருக்க முகத்தை வெளியே திருப்பினால், அங்கே ஆறு முழுக்கத் தண்ணீர். ஈரப்பட்டு காலில் ஒட்டிக்கொண்டிருந்தது. தட்டு வந்தது, போனது. நான் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து வைத்தேன்.

“நம்ம அரசலாத்துல பாதி இருக்குமா இது? சிரிடி, பையனுக்குப் படம் அனுப்பணும்.”

“என்னங்க, எனக்கு ஒண்ணுக்கு வருது.”

இத்தனை வருஷத்தில் முதல் தடவை சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டார்.

“இப்பதானே போன?”

“எங்க போனேன்? அது என்னைக் குளிப்பாட்டி அனுப்பிச்சிது.”

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் அடக்கிக்கயேன். கேக்கணும்னா அதுக்கு என்ன வார்த்தைன்னே எனக்குத் தெரியல.”

“எழுந்திரிங்க.”

“இப்பவா? எல்லாரும் பாக்குறாங்கடி.”

“பாக்கட்டும். எழுந்திரிங்க.”

எழுந்தார். ஈரத்தடம் பதிய நடந்து, பரிமாறும் பெண் முன்னால் போய் நின்றேன். “ஏம்மா, பாத்ரூம் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டேன், நம் ஊர்த் தமிழில், சத்தமாகத்தான். பக்கத்து மேசையில் ஒருவர் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார். அந்தப் பெண் கூஜாவை வைத்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்துப் படியிறக்கிக் கூட்டிப்போனாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது இவர் தட்டைத் தொடாமல் இருந்தார்.

“எங்க இருக்கு?” என்றார், என்னைப் பார்க்காமல்.

“எது?”

“அதான். காலையிலேருந்து எனக்கும்தான்.”

“கீழே, இடது பக்கம்.”

அவர் எழுந்து இரண்டு எட்டு வைத்தார். பிறகு நின்று திரும்பினார். “நீயும் வாயேன். கதவு திறக்கலன்னா…”

நான் எழுந்து அவரோடு படி இறங்கிப் போய், கதவுக்கு வெளியே நின்றேன்.