சிக்கு விழுந்த தலைமுடி

இரண்டு வருடத்துக்கு முன், நம் ஆடி மாதம், நல்ல கர்க்கடக மழைக்காலம். மட்டாஞ்சேரியில் அத்தாவுக்கு மளிகைக் கடை. நான் அக்கரையில், எறணாகுளத்தில் பி.எஸ்சி. இரண்டாம் வருடம். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு படகு ஏறுவேன். ஆனால் கல்லூரிக்குப் போகமாட்டேன். அக்கரையில் இறங்கி, படகுத்துறை பெஞ்சிலேயே மாலை வரை உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஒரு மாதம் இப்படியே போனது.

ஏன் என்று எனக்கே தெரியாது. காதல் தோல்வி, பரீட்சைத் தோல்வி எதுவுமில்லை. பல் தேய்க்கக்கூடத் தெம்பில்லை. தலைக்குக் குளித்து வாரக்கணக்காகியிருந்தது. முக்காட்டுக்குள் முடி சிக்குப் பிடித்துக் கயிறாகிக் கிடந்தது. வீட்டிலும் முக்காட்டை எடுப்பதில்லை.

கல்லூரியிலிருந்து அத்தாவின் போனுக்குத் தகவல் வந்தது. அத்தா அதை அம்மாவிடம் காட்டினார். அம்மாதான், "ஒனக்கு இங்க என்னடி கொறவு? சோறில்லியா, துணியில்லியா?" என்று கத்தினாள். நான் ஒருத்தி இல்லாவிட்டால் இந்த வீடு நிம்மதியாக இருக்கும் என்று மட்டும் தோன்றியது.

மறுநாளும் படகேறினேன். என் வகுப்புப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மலையாளி. அதிகம் பேசிப் பழகியதில்லை. காற்றில் என் முக்காடு விலகியது. அவசரமாக இழுத்து மூடுவதற்குள் பார்த்துவிட்டாள். முகம் சுளிக்கவில்லை.

"எனிக்கும் இங்ஙனெ ஆயிருந்நு," என்றாள் மெதுவாக. பிளஸ் டூ படிக்கும்போது அவளுக்கும் இப்படித்தான் ஆகியிருந்ததாம். மனச்சோர்வுக்கு ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டாளாம்.

அன்று அவளும் வகுப்புக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய், ஓ.பி. சீட்டு எடுத்து, கூடவே இருந்தாள். டாக்டர், "உறக்கம் உண்டோ மோளே?" என்று கேட்டதும் உடைந்து அழுதேன்.

மாலையில் வீடு வரை வந்து, எனக்குச் சொல்ல வராததை அவளே அம்மாவிடம் சொன்னாள். "மடியல்ல ஆன்ட்டி, இது அசுகமாணு." சோம்பல் இல்லை, நோய் என்று.

அம்மா முக்காட்டை விலக்கினாள். எண்ணெய் வைத்து ஒரு மணி நேரம் போராடியும் சீப்பு இறங்கவில்லை. கடைசியில் கத்தரிக்கோலை எடுத்தாள். இடுப்பு வரை இருந்த முடி காதோடு போனது. "ஒரே வீட்டுல இருந்துட்டும் நான் பாக்கலியே," என்று அழுதுகொண்டே வெட்டினாள். எனக்கு அழுகைகூட வரவில்லை.

அந்த வருடம் போனது போனதுதான். மாத்திரை உடனே கேட்கவுமில்லை. இப்போது ஜூனியர்களோடு உட்கார்ந்து படிக்கிறேன். சில நாள் காலையில் எழுந்திருக்கவே முடிவதில்லை. ஆனாலும் வகுப்பில் யாராவது இரண்டு நாள் வராவிட்டால் போன் செய்து கேட்டுவிடுகிறேன். அன்று படகில் ஒருத்தி என்னோடு பேசாமல் எழுந்து போயிருந்தால், இதை எழுத நான் இருந்திருப்பேனா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.