பேப்பரில் வந்த இருதயம்மா

இரகுநாதன் யாழ்ப்பாணத்திலிருந்து தெமோதரைப் பக்கம் வந்தது 1951இல். தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிளாக்கர் வேலை. மருந்து லிஸ்ட் எழுத வந்த மனுசனின் தலையில் இரண்டே வருஷத்தில் வேறொரு பாரம் ஏறியது. புதிதாகக் கட்டிய பிரசவ வாட்டு அவர் பொறுப்பு; உள்ளே ஆறு கட்டில். ஒரு கர்ப்பிணிகூட எட்டிப் பார்க்கவில்லை. "அங்க போனவ திரும்பி வரமாட்டா" என்று தொழிலாளர் குடியிருந்த லயமெல்லாம் பேச்சு. இப்படியே கிடந்தால் மாசக் கடைசியில் வாட்டை உர ஸ்டோராக்கிவிடுவேன் என்று தோட்டத்துத் துரை சொல்லிவிட்டார். இரகுநாதனுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் தோட்டத் தொழிலாளி பிலிப்பின் மனைவி இருதயம்மா துணிந்து வந்தாள். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். இரகுநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த பஸ்ஸிலேயே பதுளைக்கு ஓடி, கொழும்புப் பேப்பருக்குச் செய்தி அனுப்பும் மொஹிதீனைப் பிடித்தார்.

"படத்தோட போடோணும் தம்பி. படம் இருந்தாத்தான் சனம் நம்பும்."

"படம் போடவைக்கிறது லேசில்ல ஐயா. இருந்தாலும் கமராக்காரரோட நாளைக்கே வாறேன்," என்றார் மொஹிதீன்.

சொன்ன சொல் தவறவில்லை. புதன்கிழமைப் பேப்பரில் இருதயம்மா வந்தாள். ஆனால் முகம் மட்டும், சுற்றிக் கட்டம் போட்டு! மடியிலிருந்த பிள்ளையை வெட்டி எறிந்துவிட்டார்கள், பாவிகள்.

லயத்துச் சனங்களுக்குப் பேப்பரில் கட்டம் போட்ட முகம் என்றால் ஒன்றே ஒன்றுதான்: மரண அறிவித்தல். தங்களைப்போல ஒருத்தி படம் வேறு எதற்காக அதில் வரப்போகிறது? படித்துச் சொல்லக்கூடிய கணக்கப்பிள்ளையும் அன்று தோட்டத்தில் இல்லை. தேத்தண்ணிக் கடையில் படத்தைக் கண்டவர்கள் வயிற்றிலடித்துக்கொண்டு ஓடினார்கள்.

பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலில் ஒப்பாரி கேட்டது. இரகுநாதன் பதறி வெளியே வந்தால், முப்பது நாற்பது பேர். முன்னால் பிலிப்பு, கையில் செவ்வந்தி மாலை.

"ஞாயித்துக்கெழம வந்து பாத்தப்ப நல்லாத்தானே இருந்தா! பேப்பருக்குச் சொல்லத் தெரிஞ்சுச்சு, புருஷன் எனக்குச் சொல்லலியே ஐயா!"

வாட்டும் போச்சு, பேரும் போச்சு என்று இரகுநாதன் தலையில் கைவைத்தார்.

அப்போது வாட்டுக் கதவு திறந்தது. சோற்றுத் தட்டும் கையுமாக இருதயம்மா நின்றாள்.

"எவடி செத்தது? இப்பத்தான் புள்ள கண்ண மூடுச்சு. வாய மூடுங்கடி!"

யாரோ ஒருத்தி சிரித்தாள். அவ்வளவுதான், கூட்டமே சிரித்தது. பிலிப்பு மட்டும் படியில் குந்திக் குழந்தைபோல அழுதான். பெண்கள் வாட்டுக்குள் புகுந்து பிள்ளையைக் கொஞ்சினார்கள், விரிப்பைத் தடவினார்கள். நிறைமாசக்காரி ஒருத்தி மெத்தையை அமுக்கிப் பார்த்தாள்.

"ஐயா, இந்தக் கட்டில வேற யாருக்கும் குடுத்துராதீங்க. அடுத்த வாரம் வாறேன்."

"அப்ப சன்னலோரம் எனக்குங்க," என்றாள் இன்னொருத்தி.

"அப்பாடா!" என்று இரகுநாதன் நாற்காலியில் சாய்ந்தார். அதற்குள் பிலிப்பு ஓடிவந்து, கையிலிருந்த மாலையை அவர் கழுத்திலேயே போட்டுவிட்டான்.

சவத்துக்குக் கட்டிய மாலை! வேறொரு நாளாக இருந்தால் மனுசன் தண்ணீர் கொட்டும் பீலிக்கரைக்கு ஓடித் தலைமுழுகியிருப்பார். அன்று அதைக் கழற்றாமலே கொப்பியை விரித்து, கட்டில் கேட்டவர்களின் பேரை ஒவ்வொன்றாக எழுதினார்.