பதிலுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?

தலவாக்கலையில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கு, தேயிலைக் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்தி அழுத்தி உச்சந்தலை முடி தேய்ந்திருந்தது. வெளிநாட்டு வீட்டு வேலைக்காக ஹட்டன் ஏஜென்சியில் பாஸ்போர்ட்டைக் கொடுக்கப் போகிறாளாம். வழியெல்லாம் ஆங்கிலச் சொற்களை முணுமுணுத்தாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தலை தானாகக் குனிந்தது.

"என்னக்கா, மேடம் ஆயிட்டீங்களா?" என்றான் கண்டக்டர்.

"அவங்கதான் மேடம். நான் எஸ் மேடம்" என்று சிரித்தவள் என்னிடம் திரும்பினாள். "அண்ணே, ஒடம்பு முடியலன்னா எப்புடிச் சொல்றது?"

"ஐ ஆம் சிக்."

சொல்லிப் பார்த்தாள். "அதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்க?"

அந்த வீட்டை நான் கண்டேனா? பாடப்புத்தகப் பதிலைச் சொன்னேன். "டேக் ரெஸ்ட். ஓய்வெடுத்துக்கன்னு அர்த்தம்."

அவள் முகம் தெளிந்தது. "அம்மா போகாதன்னு அழுவுது. பாஸ்போர்ட்டக் குடுப்பமா வேணாமான்னு இருந்தேன். அப்புடிச் சொல்றவங்கன்னா பயமில்லண்ணே, குடுத்துர்றேன்."

மழை, வளைவு, மறுபடி வளைவு. அர்த்தம் சரிதான் தங்கச்சி, ஆனால் அதை உன்னிடம் யாராவது சொல்வார்களா என்று எனக்குத் தெரியாது. இதைச் சொல்லிவிடத் தவித்துக்கொண்டிருக்கும்போதே ஹட்டன் வந்துவிட்டது.

"தேங்க்யூ அண்ணே" என்று இறங்கினாள். அதற்குச் சொல்ல வேண்டிய ஆங்கிலப் பதில் எனக்குத் தெரியும். வாயில் வரவில்லை.