ரெண்டாவது கியர் பானுப்பிரியா

பேருந்து வளைவில் வேகம் குறைகிறது. வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பானுப்பிரியாவின் இடது கால் தகரத் தரையை மிதிக்கிறது, எடுக்கிறது. வலது கால் லேசாக ஒரு தட்டு. மறுபடியும் இடது கால். இந்த இரண்டாவது மிதி என் செருப்பின் மேல் விழுகிறது.

“மன்னிச்சுக்கங்க டீச்சர். மூணாவதுலருந்து ரெண்டாவதுக்கு வந்தேன்.”

நான் காலை இழுத்துக்கொள்கிறேன். அவர் முன்னால் இருக்கும் ஓட்டுநரை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறார். “அந்த அண்ணனும் வந்துருக்கணும். வரல. அதான் வண்டி முக்குது.”

நான் கருக்கனேந்தல் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. சாயங்காலம் நாலரை மணிப் பேருந்தில் இராமநாதபுரத்துக்கு வீடு திரும்புகிறவள். பானுப்பிரியாவுக்குக் கருக்கனேந்தல்தான் பிறந்த வீடும் புகுந்த வீடும். வயது முப்பத்தாறு. சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, வளையலில் நாலைந்து ஊக்கு, பேசும்போது எதிராளியின் தோளில் ஒரு தட்டு. போன தை மாதத்திலிருந்து வாரத்தில் நான்கு நாள் என்னோடு அதே பேருந்தில் வந்தார். லாரி ஓட்டப் பழகுவதற்காக.

வண்டி அவருக்குப் புதிதல்ல. ஊரில் எல்லோரும் குட்டியானை என்று சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்றை நாலு வருடமாகச் சொந்தமாக ஓட்டுகிறார். மிளகாய் மூட்டை, முதுகுளத்தூர்ச் சந்தைக்கு ஆடு, கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் என்று எதையும் ஏற்றுவார். தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்ல மாட்டார். “எங்க வீடா? பஸ் ஸ்டாப்புலருந்து மூணாவது கியருல ஒரு நிமிசம்” என்பார். சிக்கனக்காரி. இறக்கம் வந்தால் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். வீட்டில் சோறு வேகுவதற்கு இரண்டு நிமிடம் முன்பே அடுப்பை அணைத்துவிடுவார். “மிச்சத்த அந்தச் சூடே பாத்துக்கிரும்” என்பது அவர் கணக்கு. ஆடு மேய்க்கும் அவர் கணவர் தவசி, அரைவேக்காட்டுச் சோற்றை ஒரு வார்த்தை சொல்லாமல் தின்றுவிட்டுப் போவார்.

இவ்வளவு சிக்கனமான ஆள் பெரிய லாரி ஓட்ட ஆசைப்பட்டதற்குக் காரணம் தண்ணீர்.

கருக்கனேந்தலில் எங்கே தோண்டினாலும் உப்பு. குடிதண்ணீர் திருப்புல்லாணிப் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றிலிருந்து டேங்கர் லாரியில் வரவேண்டும். டேங்கருக்குச் சொந்தக்காரர் நெய்னா முகம்மது. அவரிடம் இரண்டு டேங்கர் இருந்தும், ஓட்டுவதற்குக் காளிதாஸ் ஒருவர்தான். இன்னொரு ஓட்டுநர் வெளிநாடு போய்விட்டதால் ஒரு வண்டி தோப்பில் சும்மா நின்றது. காளிதாஸ் இருபத்தைந்து வருடம் லாரி ஓட்டியவர். ஆனால் கருக்கனேந்தலுக்குள் வரமாட்டார். ஊருக்கு நுழைகிற பாதை கண்மாய்க் கரைமேல் செங்குத்தாக ஏறி, உச்சியில் சட்டென்று வளையும். மூன்று ஊருக்கு ஊற்றியது போக அரைத் தொட்டித் தண்ணீரோடு வருகிற வண்டி அது. ஏற்றத்தில் உள்ளே தண்ணீர் பின்பக்கமாகப் பாய்ந்து வண்டியைக் கீழே இழுக்கும். சரியான நேரத்தில் கியரைக் குறைக்காவிட்டால் வண்டி நின்று, பின்னால் உருளும்.

“அந்தக் கரையில ஏத்துனா வண்டி கம்மாய்க்குள்ளதான் கெடக்கும்” என்று காளிதாஸ் கரைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுவார். பெண்கள் குடங்களோடு கரையேறி இறங்கி, நிறைத்துக்கொண்டு மறுபடி கரையேறி இறங்குவார்கள். என் வகுப்பில் ஐந்து பெண் பிள்ளைகள் டேங்கர் வருகிற நாளில் முதல் மணி முடிந்துதான் வருவார்கள், தோள் நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு. அதில் பானுப்பிரியாவின் மகள் மாலதியும் ஒருத்தி.

பானுப்பிரியா நெய்னா முகம்மதிடம் நேராகப் போய்க் கேட்டார். “சும்மா நிக்கிற வண்டிய எனக்குக் குடுங்க மொதலாளி. நான் ஊருக்குள்ள கொண்டு போறேன்.”

அவர் சிரிக்கவில்லை. “ஹெவி லைசென்ச எடுத்துக்கிட்டு வாம்மா. சாவிய நான் தாரேன்” என்றார்.

சிரித்தது காளிதாஸ்தான். “ஏத்தா, குட்டியானை வேற, இது வேற. இங்கன கியர் ஒம் பேச்சக் கேக்காது.”

கேட்கத்தான் இல்லை. இராமநாதபுரத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் லாரி பழைய வண்டி. கியரை ஏற்றுவது பானுப்பிரியாவுக்கு ஒரே வாரத்தில் வந்துவிட்டது. குறைப்பதுதான் வரவில்லை. கிளட்சை மிதித்துக் கியரை நடுவுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒருமுறை மிதித்து எஞ்சினை வேகப்படுத்தி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ்க் கியருக்குத் தள்ள வேண்டும். இத்தனையும் ஒரு மூச்சுக்குள். அவர் தள்ளும்போதெல்லாம் அடியில் இரும்பு அரைபடுகிற சத்தம்தான் கேட்டது.

முதல் தேர்வில் அந்தச் சத்தத்தோடு வண்டி நடுவில் நின்றுபோனது. ஆய்வாளர், “வண்டி அழுவுதும்மா. பழகிட்டு வாங்க” என்றார். இரண்டாவது தேர்வில் சத்தத்துக்குப் பயந்து கியர்க் கம்பியைக் குனிந்து பார்த்தார். வண்டி கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. “கண்ணு ரோட்டுல இருக்கணும்” என்று சொல்லி ஆய்வாளர் தாளைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பேருந்தில் பானுப்பிரியாவின் கால் அசையவில்லை. நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். “ஊரே கேக்குது டீச்சர், எப்ப வண்டி வரும் எப்ப வண்டி வரும்னு. நானே வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை நானும் பயிற்சிக்குக் கூடப் போனேன். சொல்லிக்கொடுப்பவர் சுஐபு. பெரியபட்டினத்துப் பையன், இருபத்தாறு வயது, பானுப்பிரியாவைவிடப் பத்து வயது இளையவர். சேதுக்கரை போகிற சாலையில் லாரி போய்க்கொண்டிருந்தது. நான் இருவருக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போது அதே அரைபடும் சத்தம்.

“அக்கா, கிளட்ச விட்டதுக்கப்புறம் ஆக்சிலேட்டர மிதிக்கணும்ல? ஏன் மிதிக்க மாட்டேங்கிறீங்க?”

“மிதிச்சேனே தம்பி.”

“அது மிதியா? அதுல எறும்புகூடச் சாகாது.”

பானுப்பிரியா ஏதோ திருட்டை ஒப்புக்கொள்வதுபோல மெல்லச் சொன்னார்: “சும்மா ஒறும விட்டா டீசல் போகுமே தம்பி.”

சுஐபு வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு, தலையில் கைவைத்துக்கொண்டார். “யா அல்லாஹ்! ரெண்டு மாசமா நான் ஒங்க காலையே பாத்துக்கிட்டிருக்கேன். கோளாறு மனசுலல்ல இருக்கு! அக்கா, அந்த ஒரு மிதி வீண் இல்ல. கீழ்க் கியர் வேகமாச் சுத்துது, எஞ்சின் மெதுவாச் சுத்துது. எஞ்சினும் அதே வேகத்துக்கு வந்தாத்தான் ரெண்டும் சேரும். நீங்க குடுக்க வேண்டியதக் குடுக்காமக் கேட்டா அது எப்புடித் தரும்?”

பானுப்பிரியா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். வண்டியைக் கிளப்பினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றினார். பிறகு கிளட்ச், நடு, கிளட்சை விட்டு ஆக்சிலேட்டரில் ஓர் உதை. எஞ்சின் உறுமியதில் என் இருக்கையே அதிர்ந்தது. மறுபடி கிளட்ச். இடது கை சாதாரணமாகப் பின்னால் வந்தது. கியர் போய் உட்கார்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.

“விழுந்துருச்சு!” என்று கத்தினார். “டீச்சர், விழுந்துருச்சு! சத்தமே இல்ல!”

சேதுக்கரைக் கடல் கண்ணுக்குத் தெரிகிறவரை, தேவை இருந்தும் இல்லாமலும், பதினோரு முறை குறைத்தார். பதினொன்றும் விழுந்தன. நாலாவது முறைக்குப் பிறகு கியர்க் கம்பியை அவர் பார்க்கவே இல்லை.

மூன்றாவது தேர்வு பங்குனியில். ஆய்வாளர் அதே ஆள்தான். வண்டியை ஊருக்கு வெளியே உள்ள மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். பாதி ஏற்றத்தில் முன்னால் போன பேருந்து திடீரென்று வேகம் குறைத்தது. நிறுத்தினால் மறுபடி கிளப்புவது கடினம். பானுப்பிரியா நாலாவதிலிருந்து மூன்றாவதுக்கு வந்தார். பேருந்து இன்னும் குறைந்தது. மூன்றாவதிலிருந்து இரண்டாவது. வண்டி நிற்கவும் இல்லை, திணறவும் இல்லை, ஆள் நடக்கிற வேகத்தில் உச்சிக்கு ஏறியது. ஆய்வாளர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

“போதும்மா. திருப்புங்க.”

“சார், பாஸா பெயிலா? சொல்லிட்டீங்கன்னா நிம்மதியாத் திருப்புவேன்.”

“பாஸுதாம்மா. ரோட்டப் பாருங்க!”

மைதானத்தில் காத்திருந்த சுஐபு, வண்டி வருகிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டதாகச் சொல்கிறார். “மாஷா அல்லாஹ்! அழுதுக்கிட்டு வர்றவங்க இப்புடி ஹாரன் அடிக்க மாட்டாங்க.”

நெய்னா முகம்மது சொன்ன சொல் மாறவில்லை. உரிமம் கைக்கு வந்த மறுநாளே சாவியைக் கொடுத்தார். முழுஆண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்த ஒரு காலையில் கரையின் மேல் பெண்கள் குடங்களோடு வரிசையாக நின்றார்கள். டேங்கர் கரைக்கு அந்தப் பக்கம் வந்தது. எப்போதும் நிற்கிற இடத்தில் நிற்கவில்லை. ஏற்றத்துக்கு முன்பே ஓர் உறுமல், இரண்டாவது கியர். கரையில் பாதி ஏறியதும் உள்ளே தண்ணீர் பின்னால் பாய்ந்து மோதுகிற சத்தம். அடுத்த உறுமல், முதல் கியர். வண்டி ஒரு கணம் தயங்கியதுபோல இருந்தது. அப்புறம் உச்சியில் வளைந்து, பெண்களைத் தாண்டி, ஊருக்குள் இறங்கியது. குடங்களைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேரும் பின்னால் ஓடினார்கள். பள்ளிக்கூட வாசலில் வண்டியை நிறுத்தி, “டீச்சர், பிள்ளைகளுக்கு மொதல்ல” என்று குழாயை எங்கள் தொட்டியில் விட்டார் பானுப்பிரியா. அந்த நாளிலிருந்து என் வகுப்பில் முதல் மணிக்கு யாரும் தாமதமில்லை.

வைகாசியில் ஊர்க் கோயில் பொங்கல். வெளியூர்ச் சனம் வரும் என்பதால் இரண்டு டேங்கர் தண்ணீர் சொல்லியிருந்தார்கள். நானும் அழைப்பின்பேரில் போயிருந்தேன். பானுப்பிரியா தன் வண்டியைக் கோயில் பக்கம் விட்டுவிட்டு வந்து பார்த்தபோது, இன்னொரு டேங்கர் கரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஸ்டியரிங்கில் காளிதாஸ். கரையைப் பார்ப்பதும் கழுத்தைத் துடைப்பதுமாக இருந்தார். நாங்கள் கரை இறங்கி அவரிடம் போனோம்.

“வாங்கண்ணே, ஏத்துங்க. கம்மாயில தண்ணியா கெடக்கு, பயப்படுறதுக்கு?” என்றார் பானுப்பிரியா. கேலியில்லாமல்தான் சொன்னார்.

காளிதாஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இருவத்தஞ்சு வருசமா லாரி ஓட்டுறேன்த்தா. பன்னண்டு வருசத்துக்கு முந்தி இப்புடி ஒரு கரையில வண்டி உருண்டுச்சு. அன்னையிலருந்து சமதரைதான், ஏத்தம்னா பயந்து நிறுத்திப்புடுவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல.”

காளிதாஸ் ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை அணைக்காமலே கீழே இறங்கினார். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி நடந்துபோய், கிளீனர் உட்காரும் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துகொண்டார்.

பானுப்பிரியா ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, வெளிக் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினார்.